மூளை ஸ்கேனில் அல்சைமர் படிவுகள்: எதைக் காட்டும், எதைக் காட்டாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு மறதி கூடிக்கொண்டே போகும்போது, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று நினைப்பது இயல்பு. எலும்பு முறிந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடுவதைப் போல, அல்சைமர் நோய் இருக்கிறதா என்பதையும் மூளைப் படம் சொல்லிவிடும் என்ற எதிர்பார்ப்பே அதற்குக் காரணம். ஆனால் குடும்பத்தார் கேட்கும் கேள்வியும் ஸ்கேன் விடை தரும் கேள்வியும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. "இவருடைய மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி, "இவருடைய மறதிக்கு அல்சைமர்தான் காரணமா?" என்பது வேறொரு கேள்வி. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியவை.

அமிலாய்டு படிவு என்றால் என்ன?

நரம்பணுவின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு பெரிய புரதத்தை நொதிகள் வெட்டும்போது, பீட்டா அமிலாய்டு என்ற சிறு துண்டு வெளிவருகிறது. பெரும்பாலும் அது 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் நீளம் கொண்டது. 42 கொண்ட துண்டுக்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை அதிகம். நல்ல நிலையில் உள்ள மூளையிலும் இது உருவாகிக்கொண்டும் அகற்றப்பட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. உருவாகும் வேகத்துக்கு அகற்றும் வேகம் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது துண்டுகள் இழைகளாகத் திரண்டு, நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகளாகத் தேங்கிவிடுகின்றன. மருத்துவ அறிக்கைகளில் 'பிளேக்' என்று எழுதப்படுவது இதுதான்.

1906ஆம் ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில், அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன தம் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவில் வெள்ளி உப்புச் சாயம் ஏற்றிக் கண்டவற்றை விவரித்தார். அவர் கண்டவை இரண்டு: அணுக்களுக்கு வெளியே படிவுகள், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிய இழைச் சிக்கல்கள். அந்தச் சிக்கல்கள் டாவ் என்ற வேறொரு புரதத்தால் ஆனவை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், உயிரோடு இருப்பவரின் மூளைத் திசுவை வெட்டி எடுக்காமல் இந்தப் படிவுகளைப் பார்க்க வழியே இல்லை. நோயை உறுதிசெய்வது பிரேதப் பரிசோதனையின் வேலையாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படிவுகள் தெரியுமா?

தெரியாது. சி.டி. ஸ்கேனிலும் தெரியாது. எந்த விலையுயர்ந்த இயந்திரமாக இருந்தாலும், வழக்கமான சிகிச்சையில் பயன்படும் எம்.ஆர்.ஐ. படத்தில் அமிலாய்டு படிவை நேரடியாகக் காண முடியாது.

காரணம் அளவுதான். ஒரு படிவின் குறுக்களவு பொதுவாகச் சில பத்து மைக்ரோமீட்டர்கள். ஒரு பேச்சுக்கு 50 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய கூறு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். அந்த ஒரு கனசதுரத்துக்குள் 50 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்கள் 8,000 அடங்கும். அத்தனைக்கும் சேர்த்து இயந்திரம் ஒரே ஒரு சாம்பல் நிறப் புள்ளியைத்தான் தருகிறது. போதாக்குறைக்கு, படிவுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் காந்தப்புலத்தில் பெரிய வேறுபாடும் இல்லை. படிவுகளில் தேங்கும் இரும்பைக் கொண்டு அவற்றைக் காணும் முயற்சிகள் மிக வலுவான காந்தப்புலத்தில், ஆய்வக எலிகளிலும் இறந்தவர்களின் திசுத் துண்டுகளிலும் ஓரளவு பலன் தந்துள்ளன. மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு மனிதருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் மருத்துவர் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது ஏன்?

இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றில் முதலாவதைப் பலர் கவனிப்பதில்லை. மறதியும் குழப்பமும் அல்சைமரால் மட்டும் வருவன அல்ல. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம், மூளைக் கட்டி, மூளை அறைகளில் நீர் தேங்குதல், அறிகுறியே காட்டாமல் வந்துபோன சிறு பக்கவாதங்கள் ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரலாம். இவற்றில் சிலவற்றுக்கு அறுவை சிகிச்சையால் தீர்வு உண்டு. ஆகவே முதல் ஸ்கேனின் தலையாய பயன் அல்சைமரைக் கண்டுபிடிப்பதைவிட, மற்றவற்றைத் தவறவிடாமல் இருப்பதே.

இரண்டாவது காரணம் மூளைச் சுருக்கம். நினைவுகளைப் பதிவுசெய்வதில் முக்கியப் பங்கு வகிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அல்சைமரில் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை எம்.ஆர்.ஐ. காட்டும். ஆனால் சுருக்கம் என்பது விளைவு. எது சுருக்கியது என்பதை அது சொல்வதில்லை. முதியவர்களில் டி.டி.பி.-43 என்ற வேறொரு புரதம் சேர்வதால் வரும் லேட் எனப்படும் கோளாறும் அதே பகுதியைச் சுருக்குகிறது. 2019இல்தான் அதற்கு இந்தப் பெயரே சூட்டப்பட்டது. வயது ஏறுவதாலும் ஓரளவு சுருக்கம் வரும். மறுபக்கம், அல்சைமரின் தொடக்க நிலையில் ஹிப்போகேம்பஸ் வயதுக்கேற்ற அளவில் இருப்பதும் உண்டு. "ஹிப்போகேம்பஸ் சுருங்கியுள்ளது" என்ற வரியை அறிக்கையில் படித்தவுடன் அல்சைமர் என்று முடிவுகட்டுவதும், அந்த வரி இல்லையென்று நிம்மதியடைவதும் ஒரே அளவுக்கு அவசரம்தான்.

சர்க்கரையைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன் படிவுகளைக் காட்டுமா?

எஃப்.டி.ஜி. பெட் என்பது, சிறிதளவு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற ஒரு பொருளை உடலில் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டுவது. அல்சைமரில் பொட்டு மடல், உச்சி மடல், மூளையின் நடுப்பகுதியில் பின்புறமாக உள்ள புறணி (மூளையின் மேலடுக்கு) ஆகியவற்றில் பயன்பாடு குறையும். முன்மூளைப் பகுதிகளில் குறைவு மிகுந்திருந்தால் வேறுவகை மறதிநோயை நினைக்க வேண்டியிருக்கும். வகைபிரிக்க உதவும் படம்தான். ஆனால் படிவைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது.

அமிலாய்டு பெட் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

அமிலாய்டு இழைகளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளோடு கதிரியக்க அணு ஒன்றை இணைத்து, மிகச் சிறிய அளவில் இரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். அது மூளைக்குள் சென்று, அமிலாய்டு இருக்கும் இடத்தில் தங்கி, இல்லாத இடத்தில் கழுவப்பட்டுப் போகிறது. தங்கிய பொருளிலிருந்து வரும் கதிர்களை வெளியிலிருந்து எண்ணிப் படமாக்குவதே பெட்.

இதில் வெற்றி கண்டவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் க்ளங்க், செஸ்டர் மாத்திஸ் ஆகியோர். நுண்ணோக்கியில் அமிலாய்டை ஒளிரச்செய்யப் பயன்படும் தயோஃப்ளேவின் என்ற சாயத்தை மாற்றியமைத்து அவர்கள் உருவாக்கிய பொருள், பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி என்று பெயர் பெற்றது. ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் 2002இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. 16 நோயாளிகளையும் 9 ஒப்பீட்டு நபர்களையும் கொண்ட ஆய்வு 2004இல் வெளியானது. ஆனால் அதில் இருந்த கார்பன்-11 அணுவின் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடங்களே. தயாரித்து எடுத்துவருவதற்குள் பாதி கரைந்துவிடும் என்பதால், அணுக்களை உற்பத்தி செய்யும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இல்லாத மருத்துவமனைகளுக்கு அது பயன்படவில்லை. பின்னர் ஏறத்தாழ 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃப்ளோரின்-18 அணுவுடன் மூன்று பொருள்கள் வந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஃப்ளோர்பீட்டாபிர் என்பதற்கு 2012இலும், ஃப்ளூட்மெட்டமால் என்பதற்கு 2013இலும், ஃப்ளோர்பீட்டாபென் என்பதற்கு 2014இலும் ஒப்புதல் அளித்தது. இந்த அரை ஆயுளிலும் அவசரம் தீர்ந்துவிடவில்லை. மருந்து வந்து சேர்ந்தபின் நோயாளி வரத் தாமதித்தால் அந்த மருந்தை மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது.

பெட் படத்தில் ஒவ்வொரு படிவும் தனித்தனியாகத் தெரியுமா?

தெரியாது. தெளிவைப் பொறுத்தவரை பெட், எம்.ஆர்.ஐ.யைவிடவும் மங்கலானது, அதன் பிரித்தறியும் திறன் பொதுவாக 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை. மூளைப் புறணியின் தடிமனே சில மில்லிமீட்டர்கள்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட் காட்டுவது படிவுகளின் உருவத்தை அல்ல. ஒரு பகுதியில் மொத்தமாக எவ்வளவு கதிரியக்கப் பொருள் தங்கியது என்பதை. வானிலிருந்து இரவில் பார்ப்பவருக்கு ஊரின் வெளிச்சம் தெரியும், விளக்குகளை எண்ண முடியாது என்பதைப் போன்றது இது.

அதனால்தான் ஒப்புதல் பெற்ற பயன்பாட்டில் அறிக்கை இரண்டே வகையாக எழுதப்படுகிறது: படிவுகள் "இல்லை அல்லது சொற்பம்" என்றால் நெகட்டிவ், "மிதமானது முதல் ஏராளம் வரை" என்றால் பாசிட்டிவ். சொற்பமான படிவு உள்ளவரும் நெகட்டிவ் கூட்டத்தில்தான் சேர்கிறார்.

இந்த ஸ்கேனின் துல்லியம் எவ்வாறு சோதிக்கப்பட்டது?

உயிரோடிருந்தபோது ஸ்கேன் எடுத்துக்கொண்டு, இறந்தபின் மூளையைப் பரிசோதிக்க ஒப்புதல் தந்தவர்களைக் கொண்டு. ஃப்ளோர்பீட்டாபிர் குறித்து 2012இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் எடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்த 59 பேர் இருந்தனர். நுண்ணோக்கியில் மிதமானது முதல் ஏராளமானது வரை படிவுகள் காணப்பட்ட 39 பேரில் 36 பேருக்கு ஸ்கேனும் பாசிட்டிவ். படிவு இல்லாத அல்லது சொற்பமாக இருந்த 20 பேருக்கும் நெகட்டிவ்.

மிக நல்ல முடிவுதான். ஆனால் எதற்கான முடிவு என்பதைக் கவனிக்க வேண்டும். படிவு இருக்கிறதா என்பதற்கு ஸ்கேன் சரியாக விடை சொன்னதே தவிர, அந்த 39 பேரின் மறதிக்கும் படிவுதான் காரணமா என்பது இந்த ஆய்வு கேட்ட கேள்வியே அல்ல. மேலும் வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்களிடம் படிவு ஒன்று நிறைய இருக்கும், அல்லது இருக்காது. இரண்டுக்கும் நடுவே தடுமாறும் தொடக்கநிலை மனிதர்தான் மருத்துவரிடம் அதிகம் வருபவர்.

ஸ்கேன் பாசிட்டிவ் என்றால் அல்சைமர் உறுதியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படியுங்கள். உறுதி இல்லை. பாசிட்டிவ் என்றால் மூளையில் கணிசமான அமிலாய்டு படிந்திருக்கிறது. அவ்வளவே அந்தச் சொல்லின் பொருள்.

மறதி, குழப்பம் எதுவும் இல்லாத மனிதர்களிடமும் அமிலாய்டு இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, அறிவாற்றல் இயல்பாக உள்ளவர்களில் அமிலாய்டு பாசிட்டிவாக இருப்பவர்கள் 50 வயதில் ஏறத்தாழ 10 விழுக்காடு; 90 வயதில் ஏறத்தாழ 44 விழுக்காடு. அதாவது, 90 வயதில் தெளிவாகப் பேசிக் கணக்குவழக்குப் பார்ப்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்குமேல் ஸ்கேன் எடுத்தால் பாசிட்டிவ் வரும். வயது ஏற ஏற, பாசிட்டிவ் என்ற முடிவு சொல்லும் செய்தியின் எடை குறைகிறது. 58 வயதில் நினைவு தடுமாறும் ஒருவருக்கு அது வலுவான சான்று. 88 வயதுக்காரருக்கு அது தற்செயலாக உடனிருக்கும் துணைச் செய்தியாகவும் இருக்கலாம்.

இரண்டாவதாக, வேறு நோய்களோடும் அமிலாய்டு சேர்ந்தே வருகிறது. லூயி உருண்டைகளால் (நரம்பணுக்களுக்குள் வேறொரு புரதம் திரண்டு உருவாகும் உருண்டைகள்) வரும் மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு அமிலாய்டு ஸ்கேன் பாசிட்டிவ். மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு படியும் நோயிலும் கதிரியக்கப் பொருள் அங்கே போய் ஒட்டும். அது குழாய்ச் சுவரில் உள்ளதா, திசுவில் உள்ள படிவா என்று பெட் படம் பிரித்துச் சொல்லாது. முதியவர்களின் மூளையில் அமிலாய்டு, டாவ், பழைய சிறு பக்கவாதங்கள், டி.டி.பி.-43 என்று பலவும் கலந்திருப்பதே வழக்கமாக இருக்க, ஸ்கேன் அவற்றில் ஒன்றை மட்டும் விளக்கு போட்டுக் காட்டுகிறது. விளக்கு விழுந்த இடத்திலேயே குற்றவாளியும் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதில் வல்லுநர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் 2024இல் வெளியிட்ட வரையறை, உயிரியல் சான்று இருந்தாலே அறிகுறி இல்லாவிட்டாலும் அதை அல்சைமர் நோய் என்று கூறலாம் என்கிறது. அதேவேளை, அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமான சிகிச்சையில் இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்லவில்லை. அறிகுறி இல்லாதவரை "நோய் அபாயம் உள்ளவர்" என்றே அழைக்க வேண்டும் என்பது பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்றின் எதிர்வாதம். ஒருபோதும் மறதி வராமலேயே இறக்கப்போகும் பலருக்கு நோயாளி என்ற பட்டத்தைச் சூட்டுவதால் கிடைக்கும் நன்மை என்ன என்று யோசித்தால், இரண்டாவது தரப்பின் பக்கமே நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெகட்டிவ் என்றால்?

பாசிட்டிவைவிட நெகட்டிவ் முடிவுதான் பெரும்பாலும் தெளிவான செய்தி. கண்கூடான மறதிநோய் இருக்கும் ஒருவருக்கு அமிலாய்டு ஸ்கேன் நெகட்டிவ் என்றால், அல்சைமர் அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு காரணம் தேட வேண்டும். 2014இல் வெளியான பேப்பினியூஸுமாப் மருந்துச் சோதனையில் இது உறைக்கும்படி தெரிந்தது. அல்சைமர் என்று அனுபவமிக்க மருத்துவர்கள் முடிவுசெய்து சேர்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு பெட் எடுத்துப் பார்த்தபோது, அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ.-4 மரபணு இல்லாதவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கு அமிலாய்டே இல்லை. அமிலாய்டை அகற்றும் மருந்தை, அமிலாய்டு இல்லாதவர்களுக்கும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

ஆனால் நெகட்டிவ் என்பது அன்றைய நிலை. அது ஆயுள் காப்பீடு அல்ல.

எந்த வகை அமிலாய்டை பெட் தவறவிடுகிறது?

கதிரியக்கப் பொருள் ஒட்டுவது, அடுக்கடுக்காக மடிந்து இறுகிய இழை வடிவ அமிலாய்டில். இறுகாமல் பரவலாகச் சிதறிக் கிடக்கும் படிவுகளில் அது குறைவாகவே ஒட்டும். சில துண்டுகள் மட்டும் சேர்ந்து நீரில் கரைந்த நிலையிலேயே திரியும் சிறு கூட்டங்களில் ஒட்டுவதே இல்லை. நரம்பணு இணைப்புகளுக்கு அதிக ஊறு செய்வது இந்தச் சிறு கூட்டங்கள்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். அவர்கள் கூற்று சரியென்றால், தீங்கின் மூலத்தை விட்டுவிட்டு அதன் எச்சத்தைத்தான் நாம் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 'ஆர்க்டிக்' என்ற மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் அல்சைமர் இளவயதிலேயே வருகிறது. ஆனால் அவர்கள் மூளையில் இறுகிய படிவுகள் உருவாவதில்லை என்பதால், மறதி வந்தவர்களுக்கும் பிட்ஸ்பர்க் பொருளைக் கொண்ட ஸ்கேன் நெகட்டிவாகவே வந்திருக்கிறது. 'ஒசாக்கா' மரபணு மாற்றத்திலும் கதிரியக்கப் பொருள் மிகக் குறைவாகவே தங்குகிறது. இவை மிக அரிதானவை; உங்கள் குடும்பத்தில் இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை.

ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் வேறுவேறாகப் படிக்க முடியுமா?

முடியும். தெளிவான பாசிட்டிவிலும் தெளிவான நெகட்டிவிலும் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். எல்லைக்கோட்டில் உள்ள படங்களில்தான் சிக்கல்.

கதிரியக்கப் பொருள் அமிலாய்டு இல்லாதவரின் மூளையிலும், நரம்பிழைகள் நிறைந்த உட்பகுதியாகிய வெண்பொருளில் ஓரளவு தங்கும். வெண்பொருள் பளிச்சென்றும் அதைச் சூழ்ந்த சாம்பல்பொருள் (அதாவது புறணி) மங்கலாகவும் இருந்தால் நெகட்டிவ். இரண்டுக்கும் உள்ள எல்லை அழிந்துபோனால் பாசிட்டிவ் என்பதே படிக்கும் முறை. மூளை மிகவும் சுருங்கியவரிடம் புறணி மெலிந்து போயிருப்பதால், உண்மையில் இருக்கும் அமிலாய்டும் குறைவாகத் தெரியலாம். வெண்பொருளின் பளிச்சு புறணிக்குள் வழிந்து, இல்லாத அமிலாய்டு இருப்பதுபோலவும் தோன்றலாம். ஸ்கேனின்போது தலை சற்று அசைந்தாலும் எல்லை மங்கும். குழப்பத்தில் இருக்கும் முதியவரை அசையாமல் படுக்கச் சொல்வது எளிதல்ல என்பது அழைத்துச் சென்றவர்களுக்குத் தெரியும்.

கண்ணால் படிப்பதற்குப் பதிலாக எண்ணால் அளக்கும் முறையும் உண்டு. புறணியில் தங்கிய அளவை, படிவு வராது என்று கருதப்படும் சிறுமூளையில் தங்கிய அளவால் வகுப்பார்கள். ஆனால் நோயின் கடைசிக் கட்டத்திலும், சில பரம்பரை வகைகளிலும் சிறுமூளையிலும் படிவு வரும். அளவுகோலே நீண்டுவிட்டால் அளவு குறைவாகத்தானே தெரியும்? வெவ்வேறு கதிரியக்கப் பொருள்களின் எண்களை ஒப்பிட 2015இல் சென்டிலாய்டு என்ற அளவுமுறை கொண்டுவரப்பட்டது. அதில் இளைஞர்களின் சராசரி 0, லேசான அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100. ஏறத்தாழ 20 முதல் 30 வரையிலான பகுதியில் எங்கே கோடு கிழிப்பது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ளவருக்கும் சற்று மேலே உள்ளவருக்கும் மூளையில் பெரிய வேறுபாடு இல்லை. அறிக்கையில் மட்டும் இருவரும் எதிரெதிர்.

அமிலாய்டு அதிகம் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

இல்லை. மறதி தொடங்குவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் முன்பே அமிலாய்டு சேரத் தொடங்குகிறது. அறிகுறிகள் தெளிவாகும் கட்டத்தில் அது ஏறக்குறைய உச்சத்தை எட்டி, ஏறும் வேகம் குறைந்துவிடுகிறது. அதன்பின் நோய் ஆண்டுக்கு ஆண்டு முற்றினாலும் அமிலாய்டு படம் பெரிதாக மாறாது. ஆகவே, "போன முறையைவிட இப்போது எவ்வளவு மோசம்?" என்று பார்ப்பதற்காக இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. நோயின் கடுமையோடு நெருங்கி நடப்பது டாவ் சிக்கல்களின் பரவல். பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் இதை 1990களிலேயே காட்டிவிட்டன.

அப்படியானால் டாவ் பெட் எடுத்தால் போதாதா?

டாவுக்கான ஃப்ளோர்டாசிபிர் என்ற பொருளுக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோயின் நிலையை அறிய அது அமிலாய்டு பெட்டைவிட உதவும். ஆனால் டாவ் புறணி முழுவதும் விரிந்து பரவிய பிறகே அது நம்பகமாகத் தெரிகிறது. தொடக்கத்தில் ஒரு சிறு பகுதிக்குள் இருக்கும் டாவ் தவறிவிடலாம். மூளையின் அடிக்கணுக்கள், மூளைநீரைச் சுரக்கும் பின்னல், மெலனின் நிறமி உள்ள அணுக்கள் ஆகியவற்றில் டாவ் இல்லாமலேயே இந்தப் பொருள் போய்த் தங்குகிறது. அந்தப் பின்னல் ஹிப்போகேம்பஸை ஒட்டியே இருப்பதுதான் சங்கடம்: எந்த இடத்தில் துல்லியம் அதிகம் வேண்டுமோ, அங்கேயே பக்கத்து வீட்டு வெளிச்சம் வந்து விழுகிறது. டாவ் சேரும் வேறு வகை மறதிநோய்களை இது சரியாகக் காட்டுவதும் இல்லை.

எனக்கு மறதி இல்லை. ஆனால் பெற்றோருக்கு அல்சைமர் இருந்தது. முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?

ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தால் ஒழிய, வேண்டாம். 2013இல் அல்சைமர் சங்கமும் அணு மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட பயன்பாட்டு நெறிகள், குடும்பத்தில் நோய் இருந்தது என்பதற்காக மட்டுமோ, ஏ.பி.ஓ.இ.-4 மரபணு உள்ளது என்பதற்காக மட்டுமோ, அறிகுறி இல்லாதவருக்கு அமிலாய்டு பெட் எடுப்பது பொருத்தமற்றது என்று கூறின.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சோதனை, படிவு உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டுகிறது. படிவு இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 10 பேருக்கு மட்டுமே படிவு உள்ள 100 நடுத்தர வயதினருக்கு அதைச் செய்தால், அந்த 10 பேரில் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். படிவு இல்லாத 90 பேரிலும் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்று கேட்டு நடுங்கும் 18 பேரில் பாதிப்பேருக்குப் படிவே இல்லை. மீதிப் பாதியிலும் யாருக்கு, எந்த வயதில் மறதி வரும் என்பதை ஸ்கேன் சொல்லாது. அறிகுறி இல்லாத பாசிட்டிவ் நபர்களுக்கு சொலனெஸுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும் பலன் தரவில்லை என்று 2023இல் முடிவு வெளியானது.

கதிர்வீச்சு ஆபத்தானதா?

ஃப்ளோர்பீட்டாபிர் ஸ்கேன் ஒன்றில் உடல் ஏற்கும் அளவு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். தேவை இருந்து எடுக்கும் முதியவருக்கு இது கவலைக்குரிய அளவல்ல. தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதற்கும் நியாயம் இல்லை.

இரத்தப் பரிசோதனை வந்துவிட்டதே, ஸ்கேன் இன்னும் எதற்கு?

மூளைத் தண்டுவட நீரில் பீட்டா அமிலாய்டு, டாவ் ஆகியவற்றின் அளவைப் பார்ப்பது முன்பே இருந்த வழி; அது பெரும்பாலும் பெட்டோடு ஒத்துப்போகிறது. பாஸ்பேட் ஏறிய டாவ் 217 என்ற புரதத்தை இரத்தத்திலேயே அளக்கும் முறை சமீபத்தியது. அதையும் அமிலாய்டு 42ஐயும் ஒப்பிடும் இரத்தச் சோதனை ஒன்றுக்கு, அறிகுறி உள்ள 55 வயதுக்கு மேற்பட்டவர்களில் பயன்படுத்த 2025 மே மாதம் அமெரிக்க நிர்வாகம் அனுமதி தந்தது. பலருக்கு பெட் தேவைப்படாத நிலையை இது ஏற்படுத்தும். ஆயினும் சிலரின் முடிவு 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்ற நடுப்பகுதியில் விழுகிறது. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் அளவு கூடுதலாகத் தெரியலாம். அப்போது பெட் அல்லது தண்டுவட நீர் சோதனையே துணை. மேலும், பெட்டுக்குச் சொன்ன அடிப்படைக் குறை இரத்தச் சோதனைக்கும் பொருந்தும்: படிவு உண்டு என்பதை அது சொல்லும், மறதிக்கு அதுதான் காரணம் என்பதைச் சொல்லாது.

மருந்தால் படிவு மறைந்துவிட்டதாக ஸ்கேன் காட்டினால் நோய் குணமாகிவிட்டதா?

இல்லை. லெக்கனெமாப் என்ற மருந்தை 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதித்தபோது, ஸ்கேன் எடுத்துக்கொண்ட மருந்துக் குழுவினரின் அமிலாய்டு சராசரியாக 78 சென்டிலாய்டு என்ற அளவிலிருந்து 55 குறைந்தது. படத்தைப் பார்த்தால் பெரும் மாற்றம். அதே 18 மாதங்களில் 18 புள்ளிகள் கொண்ட நோய்க்கடுமை அளவுகோலில், போலி மருந்து பெற்றவர்கள் 1.66 புள்ளியும் உண்மை மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளியும் மோசமடைந்தனர். வேகம் குறைந்தது, சரிவு நிற்கவில்லை. படத்தில் கண்ட மாற்றத்துக்கும் வாழ்க்கையில் கண்ட மாற்றத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை, சிகிச்சை தொடங்கும் முன்பே குடும்பத்துக்குச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

இத்தகைய மருந்துகளைத் தொடங்க, அமிலாய்டு இருப்பது பெட் மூலமோ வேறு சோதனை மூலமோ உறுதியாக வேண்டும். மருந்தின் பக்கவிளைவுகளாகிய மூளை வீக்கத்தையும் நுண்கசிவுகளையும் கண்காணிக்கும் பொறுப்பு, படிவைக் காணவே தெரியாத எம்.ஆர்.ஐ.க்கு வந்திருக்கிறது.

ஸ்கேன் நெகட்டிவ், ஆனால் மறதி தொடர்கிறது. அடுத்து என்ன?

முதலில், எளிதில் சரிசெய்யக்கூடியவை எல்லாம் பார்க்கப்பட்டனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்: தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், காது கேளாமை ஆகியவை. வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளின் முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரைகளும், சிறுநீர் அடங்காமைக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மருந்துகளும் முதியவர்களின் நினைவைக் கலங்கடிக்கும். அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. இவை யாவும் சரியாக இருந்து மறதி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்றால், எஃப்.டி.ஜி. பெட் படத்தையும் விரிவான நினைவாற்றல் சோதனையையும் வைத்து முன்மூளை வகை, லூயி உருண்டை வகை, இரத்தக்குழாய் வகை, 80 வயதைத் தாண்டியவராக இருந்தால் மேலே சொன்ன லேட் ஆகியவற்றில் எது என்று நரம்பியல் மருத்துவர் ஆராய்வார். அந்த ஆலோசனைக்குப் போகும்போது ஸ்கேன் படங்களோடு, முதல் தடுமாற்றத்தை யார், எப்போது, எந்த வேலையில் கவனித்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நோய் நினைவில் தொடங்கியதா, பேச்சில் தொடங்கியதா, நடத்தையில் தொடங்கியதா என்று மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.